லீன் என்கிறது ஸ்கேனர், கரி பிடித்திருக்கிறது பிளக்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பட்டறையாக இருந்தாலும் சரி, செக் இன்ஜின் லைட் எரிகிற பெட்ரோல் கார் உள்ளே நுழைந்தால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இதுதான்: “ஆக்சிஜன் சென்சார் போயிருச்சுங்ணா, மாத்திரலாங்க.” மாற்றுவார்கள். எரர் கோடை அழித்து அனுப்புவார்கள். கொஞ்ச நாளில் லைட் திரும்ப எரியும். கழற்றிப் போட்ட பழைய சென்சாரை எடுத்துச் சோதித்துப் பார்த்தால் பல நேரம் அது நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். அந்தச் சென்சாருக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. தாராபுரத்து மச்சானின் கார் அதற்கு நல்ல சாக்கு.

கார் 2012 மாடல், சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். மைலேஜ் நன்றாகக் குறைந்துவிட்டது, பின்னால் நின்றால் பெட்ரோல் வாடை, லைட் வேறு. ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து பி0171 என்று சொல்லியிருக்கிறார்கள். கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். சென்சாரை மாற்றச் சொல்லிப் பல ஆயிரத்துக்கு எஸ்டிமேட்டும் கொடுத்துவிட்டார்கள். மச்சான் போனில் கேட்ட கேள்வி நியாயமானது. “மாப்ளே, பெட்ரோல் கம்மியாப் போகுதுன்னா மைலேஜ் கூடத்தானே வேணும்? ஏன் கொறையுது?”

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. நாலு பிளக்கிலும் கரி. கரி பிடித்த பிளக் ரிச் கலவைக்கு, அதாவது பெட்ரோல் அதிகமான கலவைக்கு, அடையாளம் என்று கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஸ்கேனரோ லீன் என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்ல வேண்டுமே என்று தோன்றும். இரண்டுமே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

அதைப் புரிந்துகொள்ள, இந்தச் சென்சார் எதைப் பார்க்கிறது என்பதில் தெளிவு வேண்டும். அது பெட்ரோலைப் பார்ப்பதில்லை. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மட்டும் பார்க்கிறது. உள்ளே இருப்பது சிர்க்கோனியா என்ற பீங்கான். அதன் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. ஏறத்தாழ 300 டிகிரி சூடேறியதும் இந்தப் பீங்கான் வழியாக ஆக்சிஜன் அயனிகள் நகர ஆரம்பிக்கும். இரண்டு பக்க ஆக்சிஜன் அளவுக்கும் உள்ள வித்தியாசம் மின்னழுத்தமாக வெளியே வரும். 1889-ல் நெர்ன்ஸ்ட் எழுதிவைத்த சமன்பாடுதான் இதற்கு அடிப்படை. அதைக் காரின் புகைக்குழாயில் கொண்டுவந்து வைத்தது பாஷ் நிறுவனம். 1976-ல் வோல்வோ 240 கார்களில், கலிஃபோர்னியாவின் புகைக் கட்டுப்பாட்டுக்காக.

புகையில் ஆக்சிஜன் இல்லாவிட்டால், அதாவது கலவை ரிச் என்றால், 0.8, 0.9 வோல்ட். ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் 0.1 வோல்ட், அதற்கும் கீழே. சரியான கலவையில், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற இடத்தில், வோல்ட் செங்குத்தாக ஏறி இறங்கும். நடுவில் 0.45. எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்றெல்லாம் இந்தச் சாதாரண சென்சாருக்குச் சொல்லத் தெரியாது. கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, அவ்வளவுதான். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் மிதப்பதைப் போல. அது அடர்த்தியை மட்டும் காட்டும். பாலில் என்ன கலந்தார்கள், யார் கலந்தார்கள் என்று அதைக் கேட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

இந்த 14.7-ஐ ஏன் இப்படிப் பிடித்துத் தொங்க வேண்டும் என்றால், சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அது ஒரே நேரத்தில் ஒழிக்க வேண்டுமானால் கலவை இந்தப் புள்ளியை ஒட்டியே இருந்தாக வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் மூன்றில் ஒன்று தப்பிவிடும். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் முழுவதுமாக ஒழிந்த பிறகுதான் இந்த ஏற்பாடு பரவலாக வர முடிந்தது. ஈயம் பட்டால் பிளாட்டினம் செத்துவிடும். கன்வெர்ட்டருக்கும் அதே கதி, சென்சாருக்கும் அதே கதி.

அதற்கு முன்னால் கலவை என்பது காதால் பிடிக்கிற வித்தை. கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பி, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, பிளக் பிஸ்கட் நிறத்துக்கு வரும்வரை விடாத மெக்கானிக்குகள் கோயமுத்தூரில் ஒரு தலைமுறை இருந்தார்கள். ரேஸ் காரே ஊரில் செய்த ஊர் இது. ரேஸ் ஓட்டுநர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரைக் கட்டிய இடம். செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். அந்தக் காது இருந்தவர்களுக்கு வோல்ட்மீட்டரைப் பார்த்துக் கலவை சொல்வது கொஞ்சம் கவுரவக் குறைவாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் காது தீர்ப்பு சொல்லும் முன்னால் இசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கணினி, பலமுறை கலவையைத் திருத்தி முடித்திருக்கும். இன்றைய இன்ஜினில் காதுக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இசியு செய்வது எளிது. சென்சார் லீன் என்றால், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டும். உடனே ரிச் ஆகும், குறைக்கும். திரும்ப லீன். சூடான, ஆரோக்கியமான இன்ஜினில் இந்த ஆட்டம் ஓயாது, முன் சென்சாரின் (கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது) வோல்ட் மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்தக் கூட்டல் கழித்தலை விழுக்காட்டில் காட்டுவதுதான் ஃப்யூயல் ட்ரிம். அந்தந்த நொடிக்கு ஷார்ட் டெர்ம். அதைப் பார்த்துப் பழகி நிலையாக எழுதிவைத்துக்கொள்வது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டினால் பத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. மச்சான் காரில் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, லாங் டெர்ம் மட்டுமே இருபதைத் தாண்டி நின்றது. அதாவது இசியு தன் கணக்குக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தது. ‘லீன், லீன்’ என்று சென்சார் சொல்லச் சொல்ல, இது ஊற்ற ஊற்ற, பிளக்கில் கரி. மச்சானின் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி, சென்சார் ஏன் லீன் என்று சொன்னது என்பது. அதற்கு முன்னால் சென்சாரை நம்பலாமா என்று பார்த்தாக வேண்டும். முறை ஒன்றுதான்: நாமே வேண்டுமென்று கலவையை ரிச் ஆக்க வேண்டும், மேலே போகிறதா? வேண்டுமென்று லீன் ஆக்க வேண்டும், கீழே வருகிறதா? இரண்டுக்கும் சட்டென்று பதில் வந்தால் சென்சார் நல்ல சென்சார். அதற்கு மேல் அது சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஸ்கேனரிலோ இசியுவைப் படித்துப் போனில் காட்டும் புளூடூத் ஓபிடி கருவியிலோ முன் சென்சாரின் வோல்ட்டை மட்டும் திறந்துகொள்ளுங்கள். விலை குறைந்த கருவிகளில் ஒரே நேரத்தில் பத்து அளவுகளைத் திறந்தால் ஒவ்வொன்றும் தாமதமாக வரும், வேகமாக ஆடுகிற சென்சார்கூடத் தூங்குவதுபோலத் தெரியும். 2500 ஆர்பிஎம்மில் கொஞ்ச நேரம் பிடியுங்கள், ஆட்டம் தெரிய வேண்டும். ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் 0.8-க்கு மேல் தாவ வேண்டும். காலை எடுத்தால் விழ வேண்டும். 0.45 பக்கத்திலேயே அசையாமல் நின்றால் சென்சார் குளிர்ந்திருக்கிறது, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது செத்திருக்கிறது. 0.3-க்கும் 0.6-க்கும் நடுவில் சோம்பேறித்தனமாக அசைந்தால் கிழடு தட்டிவிட்டது.

கருவி எதுவும் இல்லாவிட்டால் மல்டிமீட்டர் போதும், டிஜிட்டலாக இருக்க வேண்டும். முள் ஆடும் பழைய மீட்டரும், டெஸ்ட் லாம்பும் இங்கே உதவாது. இந்தச் சென்சாரிடம் இருக்கும் மின்சாரம் துளியூண்டு, அவை அதையும் குடித்துவிடும். 10 மெகா ஓம் உள்தடை உள்ள மீட்டரே சரி. நாலு ஒயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டர். பாஷ் வழக்கத்தில் அவை வெள்ளை, கறுப்பு சிக்னல், சாம்பல் நிறம் எர்த். வேறு கம்பெனியில் நிறம் மாறும். கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாகக் குண்டூசி விட்டு அளக்க வேண்டும். சிக்னல் ஒயரில் ஓம் வைத்து மட்டும் பார்க்காதீர்கள், சென்சாருக்குக் கெடுதல். ஓம் பார்க்க வேண்டியது ஹீட்டரில். கனெக்டரைப் பிரித்து, குளிர்ந்த நிலையில் பார்த்தால் பல சென்சார்களில் 3 முதல் 15 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது. ஹீட்டர் கோடு வந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், வெறும் ஃபியூஸுக்காகச் சென்சார் மாற்றியவர்களும் உண்டு.

இதைவிட எனக்குப் பிடித்த டெஸ்ட் பெஞ்ச் ஒன்று பொள்ளாச்சிக்குத் தெற்கே இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலை, 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வளைவை விட்டு வெளியே வந்து இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், இசியு சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டு இழுவைக்காகத் தானே ரிச் ஊற்றும். வோல்ட் 0.85, 0.9-ல் நிற்க வேண்டும். இழுக்கும்போது ரிச்சுக்குப் போகாமல் கீழேயே கிடந்தால் பெட்ரோல் பம்பையோ ஃபில்டரையோ சந்தேகப்படலாம். இறங்கும்போது கியரிலேயே, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் விட்டால், இன்ஜெக்டர் அடியோடு நின்றுவிடும். புகைக்குழாயில் போவது வெறும் காற்று. வோல்ட் பூஜ்யத்தை ஒட்டி வந்தாக வேண்டும். ஏற்றத்தில் ஒரு சோதனை, இறக்கத்தில் ஒரு சோதனை. போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் வளைவைப் பார்க்கட்டும். யானை ரோட்டில் நின்றால் இரண்டு பேரும் அதையே பாருங்கள்.

மச்சான் காரை மலைக்குக் கொண்டுபோக வேண்டியே இருக்கவில்லை. பட்டறை வாசலிலேயே சென்சார் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொன்னது. மிதித்தால் மேலே, விட்டால் கீழே. சாதாரண ஓட்டத்தில்கூட வோல்ட் ஒழுங்காக ஆடியது. வோல்ட்டை மட்டும் பார்த்தவர் வண்டியில் குறையே இல்லை என்பார். இசியுதான் அள்ளி ஊற்றிக் கணக்கைச் சமன் செய்து வைத்திருக்கிறதே, ட்ரிம்மைப் பார்த்தால்தான் எவ்வளவு ஊற்றிச் சமன் செய்தது என்று தெரியும். எப்போது ஊற்றுகிறது என்பதும் முக்கியம். ஐடிலிங்கில் இருபதுக்கு மேல். 2500-ல் பிடித்தால் ஐந்து, ஆறு என்று இறங்கியது. பம்ப் பலவீனம் என்றால் இது தலைகீழாக இருக்கும், பளு ஏற ஏற ட்ரிம் ஏறும்.

ஐடிலிங்கில் மட்டும் லீன் என்றதும் இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் வழியில் காற்று ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, ரப்பர் ஹோஸை எல்லாம் மாற்றுகிறவர்கள் உண்டு. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள காரில் அது சரியான சந்தேகம். ஆனால் நம் ஊர் சின்னக் கார்களில் நிறைய இன்டேக் மேனிஃபோல்டு (காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் குழாய்) அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடுபவை. அதில் ஒழுகி வந்த காற்றும் அழுத்தத்தைக் கூட்டி, கணக்குக்குள் வந்துவிடும். ஐடிலிங் வேகம் ஏறுமே தவிர, ட்ரிம் இந்த அளவுக்கு ஏறாது. இந்தக் காரில் ஐடிலிங் வேகம் சரியாகவே இருந்தது. அப்படியென்றால் கூடுதல் ஆக்சிஜன் இன்ஜினுக்கு உள்ளே போகவில்லை, வெளியே வரும் வழியில் சேர்கிறது.

காதுக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான். நாங்கள் போகும் மெக்கானிக் அண்ணன் காரை இரவு முழுக்க நிறுத்தி வைக்கச் சொன்னார். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு, பானெட்டுக்குள் தலையை விட்டார். “கேட்குதுங்களா? டிக்கு டிக்குன்னு.” கேட்டது. சூடேறியதும் சத்தம் தேய்ந்து காணாமல் போய்விட்டது. சிலிண்டர்களின் புகையை ஒன்று சேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சேரும் இடத்தில், சந்தை அடைக்கும் கேஸ்கெட் விட்டிருந்தால் வரும் சத்தம் அது, இரும்பு சூட்டில் விரிந்ததும் சந்து அடைபட்டுச் சத்தம் குறைந்துவிடும். சத்தம் குறைந்தாலும் ஒழுக்கு முழுக்க நிற்பதில்லை.

புகைதானே வெளியே ஒழுகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று மச்சான் கேட்டார். புகை ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டர் திறக்கும்போதும் ஒரு தள்ளு, அதன் பின்னால் ஒரு வெற்றிடம். ஐடிலிங்கில் தள்ளுகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், அந்த வெற்றிடத்தில் வெளிக்காற்று சந்து வழியாக உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்தச் சந்துக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. ஆக்சிஜனைப் பார்க்கிறது, பார்த்ததைச் சொல்கிறது. வேகம் ஏறினால் புகையின் ஓட்டம் அழுத்தமாகி, வெளிக்காற்றின் பங்கு குறைந்துவிடும். 2500-ல் ட்ரிம் இறங்கியதற்குக் காரணம் இதுதான்.

அதை உறுதி செய்ய மெக்கானிக் அண்ணன் வைத்திருந்த கருவி ஒரு பழைய வேக்கம் கிளீனர். காற்று வெளியே தள்ளும் வாயில் ஹோஸை மாட்டி, துணி சுற்றி சைலன்சர் முனையில் வைத்து, குளிர்ந்த மேனிஃபோல்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஒரு மூலையில் நுரை பொங்கியது. கேஸ்கெட் ஒன்று, துருப்பிடித்த ஸ்டட் ஒன்று, அரை நாள் கூலி. சென்சாருக்குச் சொன்ன எஸ்டிமேட்டின் பக்கத்தில்கூட அது வராது. பழகிவைத்த ட்ரிம்மை அழித்துவிட்டு ஓட்டியதும் லாங் டெர்ம் ஏழு பக்கம் வந்து நின்றது.

மிஸ்ஃபயர் ஆகும் இன்ஜினும் இதே குழப்பத்தைத்தான் உண்டாக்கும். எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலும் வரும், அதோடு எரியாத ஆக்சிஜனும் வரும். சென்சார் இரண்டாவதை மட்டும் பார்த்து லீன் என்னும். வாடை அடிக்கிறது, ஸ்கேனர் லீன் என்கிறது என்றால் இக்னிஷன் காயிலையும் ஒருக்கா பாருங்கள்.

ஏழு மட்டும் ஏன் பாக்கி என்று கேட்கத் தோன்றும். அதற்குக் காரணம் பங்க்கில் இருக்கிறது. 2023-லிருந்து வர ஆரம்பித்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எங்கும் அதுவேதான். எத்தனாலில் ஆக்சிஜன் ஏற்கெனவே இருப்பதால் அதற்கு வேண்டிய காற்று குறைவு, ஒரு பங்குக்கு ஏறத்தாழ 9 பங்கு. கலந்த பிறகு சரியான விகிதம் 14.7 அல்ல, 13.5 பக்கம். பத்து விழுக்காடு கலந்ததற்கு 14.1. சென்சாருக்கு இந்த எண்கள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆக்சிஜன் மிஞ்சினால் லீன், அவ்வளவுதான். இசியு கூட்டி ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். 2012-ல் எழுதிய கணக்கோடு ஓடும் கார் இன்றைய பெட்ரோலில் ஆறு, ஏழு, எட்டு என்று ட்ரிம் காட்டினால் அது நோய் இல்லை. சத்தி, கோபி பக்கத்துக் கரும்புத் தோட்டத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், டேங்கில் இருப்பதில் ஒரு பங்கு கரும்பும்தானே என்று எனக்கு நினைப்பு வரும். சென்சார் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிகள்தான் பாவம், அவற்றில் இதைத் திருத்த ஆளில்லை, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

சென்சார் சாகவே சாகாது என்று சொல்லவில்லை. ஹீட்டர் அறுந்து போவது சகஜம். இன்ஜினுக்குள் கூலன்ட் ஒழுகினாலும், கண்ட சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி கேஸ்கெட் போட்டாலும், முனையில் வெள்ளைப் பொடி படிந்து செத்துப்போகும். சென்சாருக்குப் பாதகமில்லை என்று எழுதிய பேஸ்ட் தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஆயில் எரிக்கும் இன்ஜினும் மெல்ல மெல்லக் கொல்லும். சந்தேகம் தீரவில்லையென்றால் கழற்றி வைஸில் பிடித்து, மீட்டரை மாட்டி, கேஸ் டார்ச்சின் தீயை முனையில் காட்டுங்கள். தீக்குள் ஆக்சிஜன் இல்லை, அதனால் சூடேறியதும் 0.6-க்கு மேல் ஏற வேண்டும். தீயை எடுத்ததும் சட்டென்று விழ வேண்டும். விழாமல் இழுத்துக்கொண்டிருந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் பீங்கான் வெடித்துவிடும், தானாக ஆறட்டும்.

புதிது வாங்கும்போது கனெக்டரோடு வருவதை வாங்குங்கள். விலை குறைவு என்று கனெக்டர் இல்லாததை வாங்கி, பழைய ஒயரோடு ஈயம் வைத்துப் பற்றவைப்பது தவறு. பல சென்சார்கள் மறுபக்கத்துக்கு வேண்டிய வெளிக்காற்றை ஒயரின் இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாகத்தான் இழுத்துக்கொள்கின்றன. ஈயம் அதை அடைத்துவிடும். கனெக்டருக்குள் கிரீஸ் அப்பினாலும் அதே கதை.

இங்கே சொன்ன வோல்ட் கணக்கு எல்லாம் நாலு ஒயர் வரை உள்ள சாதாரண சென்சாருக்கு. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார் ஆடக் கூடாது, 0.6, 0.7 பக்கம் அமைதியாக நின்றால் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது என்று பொருள். புதிய கார்கள் பலவற்றில் முன்னால் ஐந்து, ஆறு ஒயர் உள்ள வைட்பேண்ட் வருகிறது, எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்றும் சொல்லத் தெரிந்த சென்சார். அதில் மீட்டரை வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம், அது மின்னோட்டத்தில் பேசுகிற ஆள். ஸ்கேனரில் லாம்ப்டா என்ற அளவைத் திறந்தால் 1.00-ஐ ஒட்டி நிற்க வேண்டும், 1.00 என்பது சரியான கலவை, குறைந்தால் ரிச், கூடினால் லீன். முழுக்க மிதித்தால் 0.9 பக்கம் இறங்கும், இறக்கத்தில் காலை எடுத்தால் மேலே ஓடிவிடும். பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கும்போது 2500 ஆர்பிஎம்மில் 0.97 முதல் 1.03 வரை இருக்க வேண்டும் என்று பார்ப்பதும் இதே லாம்ப்டாவைத்தான், அந்தச் சீட்டை மடித்து டேஷ்போர்டில் போடும் முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள்.